உண்ணாமையும் உண்ண இயலாமையும்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை நம்மவர் பலரும் கண்டு வணங்கியிருப்பர். அங்கேயே கல்வெட்டு ஒன்றும் உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் அனசன நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்பது அதன் செய்தி. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. 1971-ஆம் ஆண்டு, யாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, விடுமுறையில் எம் தமக்கையாருடன் அக்குன்றிற்குச் சென்றிருந்தோம். அவர் அவ்வெழுத்துகளின்மீது விரலை ஓட்டியவாறே, "நம்மால் ஏழு நாளாவது முடியுமா?" என்று கேட்டார். வெயிலும் பசியும் மிகுந்திருந்த நேரம். கட்டுச்சோற்றை அவிழ்ப்பதிலேயே எம் கருத்து இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே அக்காவின் உண்ணாமை எம் குடும்பத்தின்முன் ஒரு வினாவாக வந்து நின்றது.

வினா இதுதான். ஒருவர் உணவை விடுவதற்கும், உணவு அவரைவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அருகிலிருக்கும் நாம் எவ்வாறு அறிவது? அறியத் தவறினால் அத்தவறு யாருடையது?

நம் சமயத்தில் உண்ணாமைக்கு உள்ள பெருமை பெரிது. அட்டமி, சதுர்த்தசி, தசலட்சண பர்வம் என்று ஆண்டு முழுவதும் நோன்பு நாள்கள் வருகின்றன. சிறு பிள்ளை முதல் உபவாசம் இருந்தால் பாரணைக்கு உறவெல்லாம் கூடுகிறது. இப்பெருமையைக் குறைத்துப் பேச யாம் வரவில்லை. யாமும் அதிலேயே வளர்ந்தோம். ஆயினும் அதன் நிழலில் ஒரு பழக்கமும் வளர்ந்துவிட்டது. மிகுதியாக உண்பவரைப் பார்த்து 'ஏன் இவ்வளவு?' என்று கேட்கிறோம். குறைத்து உண்பவரைக் காரணம் கேட்பதில்லை, கைகூப்பிவிடுகிறோம்.

2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமக்கையாருக்கு அகவை 66. வந்தவாசி வட்டத்துச் சிற்றூரில் மகன் வீட்டில் இருந்தார். முதலில் மாலைச் சிற்றுண்டியை விட்டார். பிறகு அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் இருந்த ஒருபொழுது, நாள் பாராத ஒருபொழுதாயிற்று. இட்லியைப் பாலில் ஊறவைத்து உண்டார், அப்பளத்தைத் தொடவில்லை, சோற்றைக் குழையக் குழையக் கேட்டார். ஜினாலயத்தில் பெண்கள் கூடியிருந்தபோது, "அக்கா நாளுக்கு நாள் உணவைக் குறைத்துக்கொண்டே வருகிறார், அவருக்கு அந்தப் பக்குவம் வந்துவிட்டது" என்று யாமே பெருமையாகச் சொன்னோம். அவரும் அருகில்தான் அமர்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு புகழுரையைக் கேட்டபின், 'எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை' என்று ஒருவர் எப்படிச் சொல்வார்?

உண்மையைக் கண்டவர் அவருடைய மருமகள். அந்தப் பெண்ணுக்கு நோன்பு நாள்கள்கூடச் சரியாகத் தெரியா என்று எங்களுக்கெல்லாம் ஒரு மனக்குறை இருந்தது. மாமியார் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பதையும், உண்டபின் கொல்லைப்புறம் செல்வதையும், வளையல்கள் முழங்கைவரை ஏறுவதையும் அவர் கவனித்தார். வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுவே கட்டி தெரிந்தது. முந்தைய தீபாவளியை ஒட்டி ஊரில் நடந்த மருத்துவ முகாமில் 56 கிலோ இருந்தவர், அன்று 45 கிலோ. உடலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருந்தது. யாம் அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்திருந்தோம்.

புற்றுநோயில் உடல் உருகுவது வெறும் பட்டினியால் மட்டும் நிகழ்வதன்று. கட்டி வாயையோ உணவுக்குழாயையோ வயிற்றையோ அடைப்பது ஒரு காரணம். மருந்தும் கதிர்வீச்சும் வாயைப் புண்ணாக்கி, நாவின் சுவையை மாற்றி, குமட்டலை உண்டாக்குவது மற்றொன்று. மூன்றாவது ஒன்று உண்டு. நம் வீடுகளில் அது அறியப்படுவதில்லை. கட்டியும் அதனோடு போராடும் உடலும் சுரக்கும் சில பொருள்கள் பசியை அவிப்பதோடு தசையையும் கரைக்கின்றன. மருத்துவர்கள் இதைக் கேக்கெக்சியா என்பர். ஆறு மாதத்துக்குள், தானாக, உடல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தாலே இதை ஐயுற வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. ஐம்பது கிலோ உடையவருக்கு இரண்டரைக் கிலோ; புடவைக் கட்டில் தெரியாத அளவு. இதன் கேடு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. 3,047 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அமெரிக்க மருத்துவர்கள் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீமோதெரபி தொடங்குமுன் எடை குறைந்திருந்தவர்கள், குறையாதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று அதில் தெரிந்தது.

அப்படியிருந்தும் நடப்பது என்ன? எம் தமக்கையார் சென்ற மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டே கீமோ மருந்தின் அளவு கணக்கிடப்படுகிறது. ஆதலால் பார்த்தே ஆக வேண்டும். 45, 44, 43 என்று சீட்டில் எழுதினார்கள். மருந்தின் அளவு சரியாக வந்தது. எண் ஏன் இறங்குகிறது என்று எவரும் கேட்கவில்லை. யாம் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் மாணவர் உடல்நலப் பதிவேட்டில் உயரமும் எடையும் குறித்தவர்கள். ஒரு பிள்ளையின் எடை சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால் அதன் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று விசாரிப்பதற்காகவே அந்தக் கட்டம் இருக்கிறது என்று பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்தார்கள். அந்தக் கண் அக்காவிடம் எங்கே போயிற்று என்று இன்றும் எம்மை யாமே கேட்டுக்கொள்கிறோம். மருத்துவமனையைக் குறை கூறுமுன் எம்மைக் கூறிக்கொள்வதே முறை.

ஒரே ஒரு முறை மட்டும் உணவுபற்றிப் பேச்சு வந்தது. "தினமும் இரண்டு முட்டை கொடுங்கள்" என்றார் மருத்துவர். "நாங்கள் ஜைனர்கள், உண்ணமாட்டோம்" என்றோம். "அப்படியென்றால் உடம்பு எப்படித் தேறும்?" என்று அடுத்தவரை அழைத்துவிட்டார். அரை நிமிடத்தில் முடிந்த அந்த உரையாடலில் இரு தரப்பாரும் தத்தம் கடமை முடிந்ததாகக் கருதினோம். வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினோம்.

கஞ்சியைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளி என்றால் அரிசிக் கஞ்சியும் இளநீரும் என்பது நம் நாட்டு வழக்கம். ஒரு டம்ளர் கஞ்சியில் 30 கிராம் அரிசி இருக்கும். சுமார் 100 கலோரி, 2 கிராம் புரதம். இளநீர் ஒன்றில் 50 கலோரி இருந்தால் மிகுதி. மூன்று டம்ளர் கஞ்சியும் ஓர் இளநீரும் சேர்ந்து 400 கலோரியை எட்டா. புற்றுநோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல் இயன்றால் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டவியல் சங்கத்தார் 2017-இல் அச்சிட்ட வழிகாட்டு நெறி. 45 கிலோ உடைய அக்காவுக்கு 1,125 கலோரிக்குக் குறையாமல் வேண்டியிருந்தது. யாம் அன்போடு கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. சிலர் வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பர். அது சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் மாவு. கிழங்கை விலக்கும் வீட்டில் அது எப்படி நுழைந்தது என்பது தெரியவில்லை. அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம்.

முட்டை ஒன்றில் உள்ள புரதம் ஏறக்குறைய 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. கொழுப்பு நீக்கிய பால்மாவு 20 கிராமை அப்பாலில் கரைத்தால் இன்னும் 7 கிராம் சேரும். பன்னீர் 75 கிராமில் 13, பருப்பு 50 கிராமில் 11, வேர்க்கடலை 30 கிராமில் 7. வேர்க்கடலை மண்ணுள் விளைந்தாலும் வித்தேயன்றிக் கிழங்கன்று என்பது அறிந்ததே. பாலும் பால்மாவும் இரண்டு டம்ளர் எனக் கொண்டு கூட்டிப் பாருங்கள்: 55 கிராமைத் தாண்டுகிறது. நெய் ஒரு தேக்கரண்டி 45 கலோரி. பருப்புச் சாதத்தில் கரைந்துவிடும். நம் விரதங்கள் நம் நோயாளியை மெலிவிக்கவில்லை. நாம் கணக்குப் பாராமல் காய்ச்சிய கஞ்சியே மெலிவித்தது. முட்டை உண்ணாமையை அந்த மருத்துவர் குறையாகக் கண்டதும், அக்கேள்வியோடு யாம் எழுந்து வந்ததும் ஒரே பிழையின் இரு பாதிகள்.

'உணவு கொடுத்தால் கட்டிக்கும் தீனி கொடுத்ததாகும். பட்டினி போட்டால் புற்றும் சாகும்' என்று சொல்வோரும் உளர். எம் உறவினர் ஒருவர் சர்க்கரையை முற்றும் நிறுத்தச் சொல்லிச் சண்டையிட்டார். கட்டியின் அணுக்கள் குளுக்கோசை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டது உண்மையே. ஆனால் நாம் உண்ணாவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக் குளுக்கோசு செய்துகொள்கிறது. கட்டி தன் பங்கை அப்போதும் பெறுகிறது, இழப்பவர் நோயாளியே.

நிற்க. மூன்றாம் முறை கீமோ ஏற்ற முடியாத அளவுக்கு அக்கா தளர்ந்தபின், எம் பழைய மாணவி ஒருவரின் மகள், வேறோர் இடத்தில் உணவியல் வல்லுநராகப் பணியாற்றுபவர், வீட்டுக்கு வந்தார். வந்தமர்ந்ததும், நேற்று விடிந்தது முதல் என்னென்ன உண்டீர்கள், எத்தனை கரண்டி, எதை விழுங்க முடிந்தது, எது திரும்பி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அதுவரை யாரும் கேளாத கேள்விகள். பிறகு, "பாட்டி, நீங்கள் எத்தனை மணிவரை சாப்பிடுவீர்கள்?" என்றார். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்று அக்கா சொன்னபோது அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டார். மூக்குவழிக் குழாய் பொருத்தி அதன் வழியே நீர் உணவு செலுத்த வேண்டும், அதன்பின்னரே சிகிச்சையைத் தொடர முடியும் என்றார்.

அக்கா மறுத்தார். "எனக்கு வேளை வந்துவிட்டது. குழாய் வேண்டா. நான் சல்லேகனைக்கு உரியவளாக இருந்துவிட்டுப் போகிறேன்."

அவ்வறையில் இருந்த யாம் அனைவரும் வாயடைத்து நின்றோம். அச்சொல்லுக்கு மறுமொழி சொல்ல நமக்கு என்ன தகுதி? அந்தப் பெண் மட்டும் மெல்ல, "பாட்டி, உங்களுக்கு எதையாவது சாப்பிட வேண்டும் போல் இருக்கிறதா?" என்று கேட்டார். அக்காவின் கண் கலங்கியது. சற்று நேரம் கழித்து, "முருங்கைக்காய்ச் சாம்பாரும் அப்பளமும்" என்றார். மூன்று மாதமாகக் கனவில் அதைத்தான் உண்கிறாராம்.

யாம் ஆகமங்களில் துறைபோனவர்கள் அல்லோம். ஆயினும் அன்றிரவு சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தை எடுத்து மீண்டும் படித்தோம். இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்பன வந்து, அவற்றுக்கு மாற்று இல்லாதபோது அறத்தின்பொருட்டு உடலை விடுதலே சல்லேகனை என்கிறார் அவர். 'மாற்று இல்லாதபோது' என்னும் அந்த ஒரு சொல்லை அதுவரை யாம் ஊன்றிப் பார்த்ததில்லை. அக்காவின் நோய்க்கு அன்று மாற்று இருந்தது. அதற்குத் தடையாக நின்றது பட்டினி ஒன்றே. சல்லேகனையின் குற்றங்களாக அவர் எண்ணும் ஐந்தில், வாழ ஆசைப்படுதல் எப்படி ஒன்றோ அப்படியே சாக ஆசைப்படுதலும் ஒன்று.

அந்நூலை ஆக்கிய ஆசாரியரின் வரலாறாக மரபில் வழங்குவதும் இங்கே கருதத்தக்கது. அவருக்குப் பஸ்மக நோய் வந்தது. எவ்வளவு உண்டாலும் தீராத பசி. துறவொழுக்கத்தில் நின்று அப்பசியைத் தணிக்க வழியில்லை. குருவிடம் சென்று சல்லேகனைக்கு இசைவு கேட்டார். குரு மறுத்துவிட்டார், நீ இன்னும் வாழ வேண்டியவன், துறவுக்கோலத்தை விட்டேனும் உண்டு பிணி தீர்ந்து வா என்றார். காஞ்சிபுரத்தோடும் தொடர்புபடுத்திச் சொல்லப்படும் அக்கதையில், அவர் அவ்வாறே உண்டு, நலம் பெற்று, மீண்டும் துறவு பூண்டு நூல்கள் இயற்றினார். அருங்கலச்செப்பு என்று நம் தமிழில் உள்ள நூலும் அவர் நூலின் வழிவந்தது. குரு அன்று இசைந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் நோய் தீராப் பசி; அக்காவின் நோய் தொண்டையில் நின்றுபோன பசி. இருவர்க்கும் வேண்டியிருந்தது ஒரே மருந்து.

துறத்தல் என்பது தன்னிடம் உள்ளதை விடுதல். பிணி பறித்துக்கொண்டதை விட்டதாகச் சொல்ல முடியுமா? உண்ண வல்லவர், உணவு முன்னிருக்க, விருப்பத்தை வென்று விடுவது நோன்பு. உண்ண ஏங்கியும் விழுங்க மாட்டாமல் கிடப்பதை நோன்பென்று அழைப்பது நோன்புக்கும் பெருமையன்று, அவருக்கும் நீதியன்று. தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அதிகாரத்தில் தீர்த்தங்கர நாமவினைக்குக் காரணமான பதினாறனைக் கூறுமிடத்து, தியாகமும் தவமும் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்று அடைகொடுத்துச் சொல்கிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் அனசனத்தைப் புறத்தவங்களில் வைத்து, வையாவிருத்தியம் எனப்படும் தொண்டினை அகத்தவங்களில் வைக்கிறது. அத்தொண்டுக்கு உரியோருள் பிணியாளரையும் எண்ணுகிறது. அங்கே சொல்லப்படுவோர் துறவியர் என்பது உண்மை. ஆனால் இல்லறத்தார் தம் வீட்டுப் பிணியாளருக்கு அத்தொண்டைச் செய்யலாகாது என்று எவ்வாசாரியரும் சொல்லவில்லை. சமந்தபத்திரர் உணவளித்தலையும் மருந்தளித்தலையும் வையாவிருத்தியம் என்னும் ஒரே விரதத்துள் சேர்த்தார். உணவே மருந்தாகிவிடும் புற்றுநோயாளியின் படுக்கையருகே அச்சேர்க்கையின் பொருள் விளங்குகிறது. குறளின் 'மருந்து' அதிகாரத்திலும் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி உணவைப் பற்றியதே. அதன் கடைசிப் பாட்டு, அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் மறுநாள் அக்காவிடம் சொன்னோம். எம்மைவிட நன்கு கற்றவர் அவர். சமந்தபத்திரர் கதையை எமக்குச் சிறுவயதில் சொன்னவரே அவர்தாம். "எனக்கு இசைவு கொடுக்க மறுக்கிறாய், அப்படித்தானே?" என்று சிரித்தார். இரவில் மட்டும் எதுவும் செலுத்தலாகாது என்று ஒரு நிபந்தனை வைத்தார். உணவியல் பெண் தாளை எடுத்துக் கணக்கிட்டார். காலை 6 மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கொரு முறை 200 மில்லி. கடைசி முறை கதிரவன் மறையுமுன். ஏழு முறை, 1,400 மில்லி, 1,400 கலோரி. விரதமும் முறியவில்லை, கணக்கும் குறையவில்லை. பலருக்குக் காலையில் பசி சற்று நன்றாகவும் மாலையில் மந்தமாகவும் இருக்கும். ஆதலால் உங்கள் வழக்கம் ஒருவகையில் வசதிதான் என்றும் அவர் சொன்னார். எல்லார்க்கும் இப்படி அமையும் என்று சொல்வதற்கில்லை. அமையாதபோது விரதத்தைத் தளர்த்திப் பின்னர்க் கழுவாய் தேடலாமா என்பதை அவரவர் மனச்சான்றுக்கும் பெரியோர் சொல்லுக்கும் விடுகிறோம். கூடு மாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளாலானது. கணையம் எடுக்கப்பட்டவருக்குத் தரும் செரிமான நொதி பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவது. இத்தகைய இடங்களில் எமக்கும் தெளிவான விடை இல்லை. ஆனால் கேள்வியை மருத்துவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். கேளாமல் மாத்திரையைத் தலையணையின்கீழ் ஒளித்து வைக்கலாகாது.

முதல் நாளே 1,400 மில்லியும் செலுத்தவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு தந்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் ஆகிய உப்புகள் தாழ்ந்து இதயமே நின்றுபோகக்கூடும். இரண்டாம் உலகப்போர் முடிவில் மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகள் சிலர் உணவு கிடைத்தபின் இறந்தது இதனால்தான். எனவே இரத்தப் பரிசோதனையோடு சிறிது சிறிதாக ஐந்து நாளில் அளவைக் கூட்டினர். நெடிய உபவாசத்துக்குப்பின் பாரணையை எளிய பானத்தில் தொடங்கிய நம் முன்னோர்க்கு இது வேறொரு வழியில் தெரிந்திருந்தது போலும்.

மருத்துவமனைப் பயணங்களில் யாம் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழாய் பொருத்துவதற்கு முன், விடியுமுன்னே பேருந்து ஏறிச் சென்னை சென்று, வரிசையில் காத்திருந்து, மாலைப் பேருந்தில் திரும்பினால் வழியிலேயே கதிரவன் மறைந்துவிடும். அன்று முழுவதும் அக்கா ஒன்றும் உண்டதில்லை. வெளியில் கிடைத்ததெல்லாம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கலந்தவை. அது நோன்பு நாளாக எவர் கணக்கிலும் இல்லை. சென்னையில் வாழும் நம் சகோதரிகள் ஒருசிலர் சேர்ந்து, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் நம் ஊரார்க்குப் பகலில் ஒருவேளைத் தூய உணவும், பால்மாவும் கடலைப் பொடியும் கலந்த ஒரு குடுவைப் பாலும் கொடுத்தனுப்பினால், அது ஆகாரதானமா ஔடததானமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிராது. வீட்டிலிருப்போர்க்கும் சில: வாய்ப்புண் உள்ளவருக்குக் காரமும் புளிப்பும் தள்ளி, ஆறிய தயிர்ச்சோறு தருக. தாளிக்கும் மணம் குமட்டினால் அவரை அடுக்களைக்குத் தொலைவில் வைக்க. எவர்சில்வர் கரண்டி வாயில் உலோகச் சுவை தந்தால் மரக்கரண்டி கொடுக்க. வடிகட்டிக் காய்ச்சிய நீர் நம் வழக்கமேயாதலால், கீமோவால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அது நல்ல காப்பு. வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, அட்டமிதோறும் பார்த்து நோட்டில் எழுதி, அந்த நோட்டை மருத்துவரின் மேசைமீது விரித்து வையுங்கள். 'எடை ஏன் குறைகிறது? உணவியலார் யாரைப் பார்க்க வேண்டும்?' என்ற இரண்டு கேள்விகளைக் கேளாமல் எழாதீர்கள்.

கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து, 2014 தொடக்கத்தில் அக்காவுக்கு உணவு இறங்கத் தொடங்கியது. குழாய் எடுக்கப்பட்டது. எடை 49. பொங்கல் கழிந்த ஒரு நண்பகலில் முருங்கைக்காய்ச் சாம்பாரும் அப்பளமும் உண்டார். அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைக்காமல் நொறுக்கி உண்டார் என்பதை மருமகள் எமக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அவ்வாண்டு ஐப்பசியில் நோய் கல்லீரலில் திரும்பியது. இனிச் செய்வதற்கில்லை என்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார். இப்போது யாம் வேறொரு தவற்றைச் செய்தோம். முன்பு கேளாமல் விட்டதற்கு ஈடுசெய்வதுபோல் நோட்டும் கரண்டியுமாக அருகிலேயே அமர்ந்துகொண்டோம். இன்னும் இரண்டு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினோம். பேரப்பிள்ளைகளை விட்டுக் கெஞ்சச் செய்தோம். அவர் எங்களுக்காக விழுங்கினார், பின்னர் வாந்தியெடுத்தார். உணவியல் பெண்ணிடம் கேட்டபோது, "டீச்சர் பாட்டி, இனி நோட்டை மூடிவிடுங்கள். முடிவு நெருங்கும்போது உடலுக்கு உணவைப் பயன்படுத்தும் வல்லமை இராது. வலிந்து செலுத்துவது மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் கூட்டலாம். அவர் கேட்பதை, கேட்கும் அளவு கொடுங்கள், வாயை ஈரமாக வைத்திருங்கள்" என்றார். பிறிதோர் உயிரைக் கவனமின்மையால் வருத்துவதே இம்சை என்று படித்திருக்கிறோம். அன்பினால் வருத்துவதற்குத் தனிப்பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

அதன்பின் அக்காவிடம் மீண்டும் கேட்டோம்: "எதையாவது சாப்பிட வேண்டும் போல் இருக்கிறதா?" இம்முறை அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். முகத்தில் கலக்கம் இல்லை. யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களையெல்லாம் ஒவ்வொருவராக அழைக்கச் சொன்னார். கொல்லைப்புறத்துத் தென்னை குறித்துப் பத்தாண்டுகளாகப் பேச்சற்றுப் போயிருந்த பக்கத்து வீட்டு அம்மையாரும் வந்தார்.

சோற்றை விட்டார், பாலில் நின்றார். பிறகு பாலை விட்டு மோர். பிறகு வெந்நீர். நூலில் சொன்ன வரிசை அதுவே. முனிவர் எவரும் அருகில் இல்லை. முறைப்படி இசைவு பெறவும் இல்லை. ஆதலால் அதற்குச் சல்லேகனை என்று பெயரிட எமக்கு உரிமையில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தடைசெய்ததும், அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நாடெங்கும் பேசப்பட்டன. நம் ஊரிலும் கூட்டம் போட்டார்கள். எம்மைப் பேச அழைத்தார்கள். யாம் பேச எழுந்து, எடை பார்ப்பதைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்தோம். தலைப்பை விட்டு விலகிவிட்டதாகச் சிலர் குறைபட்டனர்.

அந்த நோட்டு எம்மிடம் இருக்கிறது. 2013-இல் தொடங்கும் பக்கங்களில் எம் கையெழுத்தில் எடை, மணி, மில்லி என்று கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் எடைக் கட்டம் காலியாக உள்ளது. அதற்கு நேரே, நடுங்கும் எழுத்தில், அக்காவே எழுதியிருக்கிறார்: மோர், இரண்டு கரண்டி, போதும்.